அம்மாவின் டி.எஸ்.எச். 6.8: மாத்திரை தேவைதானா?

ஆற்றோரம் | சனி, காலை 7.10

அம்மாவுக்கு 69 வயது. திருநெல்வேலியில் தம்பி வீட்டில் இருக்கிறாள். போன ஜூலையில் முழு உடல் பரிசோதனை செய்தபோது தைராய்டுக்காகப் பார்க்கும் டி.எஸ்.எச். என்ற ரத்த அளவு 6.8 என்று வந்தது. சீட்டில் அந்த எண் மட்டும் தடித்த எழுத்தில், பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறியுடன். தைராய்டு சுரக்கும் டி4 என்ற ஹார்மோன் சரியான அளவில்தான் இருந்தது. கழுத்தில் வீக்கமும் இல்லை. "அசதியாக இருக்கிறதா அம்மா?" என்று கேட்டார்கள். 69 வயதில் அசதி இல்லை என்று யார் சொல்வார்கள்? அன்றே லெவோதைராக்சின் என்ற தைராய்டு மாத்திரை 50 மைக்ரோகிராம் எழுதிவிட்டார்கள்.

அக்டோபரில் மறுபடி பார்த்தோம்: 5.9. போதவில்லை என்று 75 ஆக்கினார்கள். இந்த ஜனவரியில் 0.18. இரண்டு வாரமாக இரவில் நெஞ்சு படபடக்கிறது என்கிறாள். மூன்று கிலோ இளைத்திருக்கிறாள். தம்பியோ, "எண் நன்றாக இறங்கிவிட்டது" என்று மகிழ்ச்சியாகத் தொலைபேசியில் சொல்கிறான்.

எனக்கு இரண்டு கேள்விகள். அந்த 6.8-க்கு மாத்திரை வேண்டியிருந்ததா? அக்டோபர் வரை அசையாத எண் அதற்குப் பிறகு ஏன் இப்படிக் கிணற்றில் விழுந்தது?

இரவுப்பணி | சனி, காலை 7.55

விவாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். 69 வயது, டி.எஸ்.எச். 0.18, இரவில் படபடப்பு. இன்றே ஈ.சி.ஜி. எடுங்கள். தைராய்டு மருந்து அளவு மீறினால் வயதானவர்களுக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடலாம். அப்படிக் கெட்டால் இதயத்தில் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரை போகும். எலும்பும் தேயும். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் 0.18 என்ற சீட்டைக் காட்டி மருந்தளவை இன்றே முடிவு செய்யச் சொல்லுங்கள். உங்கள் தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள்: இந்த எண் சர்க்கரை அளவைப் போன்றதில்லை. மிகவும் இறங்கினாலும் ஆபத்துதான்.

ஆற்றோரம் | சனி, மதியம் 1.20

ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று. துடிப்பு நிமிடத்துக்கு 104, ஆனால் ஒழுங்காக இருக்கிறதாம். மருந்தை ஒரு வாரம் நிறுத்தி, பிறகு 25 கொடுக்கலாம் என்றிருக்கிறார்கள். நன்றி ஐயா.

அடிக்குறிப்பு | சனி, மாலை 4.05

முதல் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. ஆய்வுக் கட்டுரைகளை உட்கார்ந்து வாசிக்கும் கெட்ட பழக்கம் உண்டு, அவ்வளவுதான்.

டி.எஸ்.எச். என்பது தைராய்டில் சுரப்பது என்றே பலர் நினைக்கிறார்கள். அது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் குரல். பிட்யூட்டரியை மேஸ்திரி என்றும் தைராய்டைக் கொத்தனார் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். எழுப்புகிற சுவர்தான் டி4. உங்கள் அம்மாவின் சீட்டில் சுவர் வழக்கமான உயரத்தில் எழும்பியிருக்கிறது. மேஸ்திரி மட்டும் கொஞ்சம் உரக்கக் கத்தியிருக்கிறார். இந்த நிலைக்குத்தான் அறிகுறி தெரியாத தைராய்டு குறைவு என்று பெயர். வயது ஏற ஏற மேஸ்திரியின் குரல் இயல்பாகவே கூடும் என்பது இன்னொரு சேதி. 30 வயதுக்காரருக்கும் 75 வயதுக்காரருக்கும் ஒரே எல்லைக்கோடு போட்டு அச்சடிக்கும் ஆய்வகச் சீட்டில் இது தெரிவதில்லை.

இதைச் சோதிக்கத்தான் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து ஆகிய இடங்களில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 737 பேரை எடுத்துக்கொண்டார்கள். டிரஸ்ட் என்ற அந்த ஆய்வின் முடிவு 2017-இல் வந்தது. குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு லெவோதைராக்சின், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு: மருந்துக்காரர்களுக்கு அளவை ஏற்றி இறக்கும்போது, சந்தேகம் வராமல் இருக்க, வெற்று மாத்திரைக்காரர்களுக்கும் அளவை மாற்றுவதாகப் பாவனை செய்தார்கள்.

ஓராண்டு கழித்து மருந்து வாங்கியவர்களின் டி.எஸ்.எச். சராசரி 6.4 பக்கமிருந்து 3.63-க்கு இறங்கியது. எண் அழகாகிவிட்டது. ஆனால் அசதியிலும் மற்ற அறிகுறிகளிலும் இரு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. வெற்று மாத்திரை விழுங்கியவர்களின் டி.எஸ்.எச்.சும் தானாகவே 5.48-க்கு வந்திருந்தது! அடுத்த ஆண்டு 21 ஆய்வுகளை, 2192 பேரின் கணக்கை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். அப்போதும் அதே விடை. 2019-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் கூட்டிய வல்லுநர் குழு, இத்தகைய பெரியவர்களுக்கு இந்த மருந்தைத் தொடங்க வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்லிவிட்டது. கர்ப்பம் தரிக்க முயலும் பெண்களுக்கும், டி.எஸ்.எச். 20-க்கு மேல் இருப்பவர்களுக்கும் அந்தப் பரிந்துரை பொருந்தாது.

ஆகவே, என் வாசிப்பில் 6.8-க்கு மாத்திரை தேவைப்பட்டிருக்காது.

கோவைக்காரி | சனி, இரவு 9.30

அடிக்குறிப்பு அவர்களே, நீங்கள் எழுதியது எல்லாம் சரியாகவே இருக்கட்டும். இதைப் பாதி வாசித்துவிட்டு யாரோ ஒரு பெண் நாளைக் காலையில் மாத்திரையைக் குப்பையில் போடுவாள். அவள் டி.எஸ்.எச். 6.8-ஆ 68-ஆ என்று நீங்கள் பார்த்தீர்களா?

என்னுடையது 68. எழுத்துப் பிழை இல்லை, அறுபத்தெட்டு. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எட்டு மாதம், பகலில் குழந்தையோடு குழந்தையாகத் தூங்கினேன். குரல் கரகரத்தது. மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்ற வேண்டியிருந்தது. மே மாதத்தில் கம்பளி போர்த்திக்கொண்டேன். வீட்டில் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. மாத்திரை ஆரம்பித்து ஆறாவது வாரம், மாடிப்படியில் மூச்சு வாங்காமல் துணி காயப்போட்டுவிட்டு இறங்கினேன். அதை எந்த எண்ணிலும் எழுத முடியாது.

1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், தைராய்டு அடியோடு செயலிழந்த 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றினார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். அந்த மருந்தின் பேரப்பிள்ளைதான் நம் கையில் இருக்கும் சின்ன மாத்திரை. அதைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் மரியாதை வேண்டும்.

அடிக்குறிப்பு | சனி, இரவு 10.15

சகோதரி, உங்கள் கோபம் நியாயம். முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டியதை விட்டுவிட்டேன். டி4-உம் குறைந்து டி.எஸ்.எச். 68-க்குப் போவது முழுமையான தைராய்டு குறைவு. அங்கே சுவரே எழும்பவில்லை. அதற்கு மாத்திரை கட்டாயம், பெரும்பாலும் ஆயுள் முழுக்க. டிரஸ்ட் ஆய்வில் உங்களைப் போன்றவர்களைச் சேர்க்கவே இல்லை. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யாரும் தாங்களாக நிறுத்தக் கூடாது. நான் பேசியது 4.5-க்கும் 10-க்கும் நடுவே நிற்கிற, டி4 சரியாக இருக்கிற முதியவர்களைப் பற்றி மட்டும்.

அந்தக் கூட்டம் நம் ஊரில் சிறியதில்லை. சென்னை உட்பட எட்டு நகரங்களில் 5376 பேரைப் பரிசோதித்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. அதில் நூற்றுக்குப் பதினொரு பேருக்குத் தைராய்டு குறைவு. அது போக எட்டுப் பேருக்கு இந்த அறிகுறி தெரியாத வகை.

இரவுப்பணி | சனி, இரவு 11.50

அடிக்குறிப்பு சொன்னதில் ஒரு பள்ளம் இருக்கிறது, நிரப்பிவிடுகிறேன். டிரஸ்ட் ஆய்வில் சேர்ந்தவர்களில் டி.எஸ்.எச். 10-க்கு மேல் இருந்தவர்கள் மிகக் குறைவு. ஆகவே 12, 15 என்று இருப்பவர்களுக்கு அந்த ஆய்வைக் காட்டி மருந்தை மறுக்க முடியாது. ஆய்வில் சேர்ந்தவர்களுக்குத் தொடக்கத்தில் பெரிய அசதியும் இல்லை என்று ஓர் ஆட்சேபம் எழுந்தது. 2020-இல் அசதி அதிகம் இருந்தவர்களை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தார்கள். அங்கும் பயன் தெரியவில்லை. என்றாலும் நாற்பது வயதுக்காரர் 9 என்ற எண்ணோடும் தைராய்டுக்கு எதிராக உடம்பே உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தோடும் வந்து உட்கார்ந்தால், நான் சில மாதம் மருந்து கொடுத்துப் பார்ப்பதுண்டு. பயன் இல்லையென்றால் நிறுத்துவோம் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். தொடங்குவதற்கு ஒரு நிமிடம் போதும். நிறுத்துவதற்குத்தான் யாரும் நாள் குறிப்பதில்லை.

புறநோயாளிப் பிரிவில் காலை மூன்று மணி நேரத்தில் நூறு பேரைப் பார்க்கிறவனுக்கு, "காத்திருங்கள், மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம்" என்று விளக்குவதைவிட மாத்திரை எழுதுவது எளிது. இதை நான் வேறு யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. நானே எழுதியிருக்கிறேன்.

இயற்கைவழி | ஞாயிறு, காலை 5.40

இத்தனை ஆராய்ச்சியும் எதற்கு? கொத்தமல்லி விதையை இரவில் ஊறவைத்துக் காலையில் கொதிக்கவைத்து 48 நாள் குடித்தால் தைராய்டு ஓடிவிடும். நம் தாத்தா பாட்டிக்குத் தைராய்டு இருந்ததா? கல்லுப்பைப் பிடுங்கிக்கொண்டு அயோடின் உப்பைத் திணித்த பிறகுதான் வீட்டுக்கு வீடு இந்த வியாதி.

உப்பளத்தான் | ஞாயிறு, காலை 8.25

கொத்தமல்லித் தண்ணீர் குடியுங்கள் தம்பி, வாய்க்கு நன்றாக இருக்கும். உப்பைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன். தூத்துக்குடிப் பாத்திகளில் முப்பத்தோரு வருடம் உப்பு வாரவும் பார்க்கவும் செய்தவன்.

அயோடின் உப்பு என்றதும் ஏதோ ரசாயனக் கலவை என்று நினைக்கிறார்கள். அதே கடல், அதே பாத்தி, அதே உப்புதான். அரவைக்குப் பிறகு உப்பு ஓடும் பட்டையின் மேல் பொட்டாசியம் அயோடேட் கரைசலைத் தூறல்போல விழவிடுவோம். ஆலையை விட்டுப் போகும்போது பத்து லட்சம் பங்கு உப்பில் முப்பது பங்கு அயோடின். வீட்டுக்கு வரும்போது பதினைந்தாவது இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு கிலோவுக்கு அது எவ்வளவு என்று கணக்குப் போட்டால் கண்ணுக்கே தெரியாத தூசி.

உங்கள் தாத்தா பாட்டிக்கு இல்லை என்கிறீர்கள். இமயமலை அடிவாரத்துத் தாத்தா பாட்டிகளைக் கேட்டீர்களா? அங்கே அயோடின் போதாமல் கழுத்துக் கழலை ஊர் அடையாளம்போல இருந்தது. 1956-இல் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் சில கிராமங்களுக்கு அயோடின் உப்பும் சில கிராமங்களுக்குச் சாதா உப்பும் கொடுத்து வருடக்கணக்கில் பார்த்தார்கள். அயோடின் உப்பு தின்ற ஊர்களில் பிள்ளைகளின் கழலை குறைந்தது. 1962-இல் நாடு தழுவிய கழலைத் தடுப்புத் திட்டம் வந்ததும் இதன் பின்னால்தான். ஆலையில் சேர்ந்த புதிதில் மேலதிகாரி ஒருவர் இதைச் சொல்லிக்கொடுத்தார். நான் வாரும் உப்பு எங்கேயோ மலையில் ஒரு குழந்தையின் மூளையைக் காப்பாற்றுகிறது என்று கேட்டபோது அன்றைக்கு எனக்கு முதுகு வலிக்கவில்லை.

அடிக்குறிப்பு | ஞாயிறு, காலை 9.40

உப்பளத்தான் ஐயாவுக்கு வணக்கம். இயற்கைவழி சொன்னதில் ஒரு துளி உண்மை இருப்பதையும் மறைக்க வேண்டாம். டென்மார்க்கில் 2000-இல் உப்பில் அயோடின் சேர்ப்பதைக் கட்டாயமாக்கிய பிறகு, புதிதாகத் தைராய்டு குறைவு கண்டறியப்பட்டவர்களின் எண்ணிக்கை ஓரளவு கூடியது. அதைக் கண்டுபிடித்து வெளியிட்டவர்களும் அயோடின் திட்டத்தைக் கண்காணித்த அதே ஆய்வாளர்கள்தான். அதற்காக அவர்கள் உப்பைத் திரும்பப் பெறவில்லை. அயோடின் இல்லாமல் பிறக்கும் குழந்தை இழந்த மூளை வளர்ச்சி பின்னால் திரும்பி வருவதில்லையே.

சோதனைக்குழாய் | ஞாயிறு, காலை 11.15

ஆய்வகத்தில் பத்தொன்பது வருடம் ரத்தம் எடுத்தவள் என்ற முறையில் ஆற்றோரம் அவர்களிடம் மூன்று கேள்விகள். இவ்வளவு பேர் பேசிவிட்டீர்கள், யாருமே கேட்கவில்லை.

ஜூலையில் பரிசோதனை எடுத்தபோது அம்மா எந்த நோயிலிருந்தாவது தேறிக்கொண்டிருந்தாரா? வேறு என்ன மாத்திரைகள் சாப்பிட்டார், எந்த நேரத்தில்? முடி உதிர்வுக்கு என்று ஏதாவது?

மூன்றாவதை ஏன் கேட்கிறேன் என்றால், முடிக்கு விற்கும் மாத்திரைகளில் பயோட்டின் 10 மில்லிகிராம்வரை இருக்கிறது. உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவை 30 மைக்ரோகிராம். சில இயந்திரங்களின் பரிசோதனை முறையே பயோட்டின் ஒட்டுவதை வைத்துத்தான் நடக்கிறது. ரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் இதைப் பற்றி எச்சரித்தது. இரண்டு நாளாவது நிறுத்திவிட்டு வரச் சொல்வேன். பாதிப் பேர், "அது மருந்தில்லையே, வைட்டமின்தானே" என்பார்கள்.

ஆற்றோரம் | ஞாயிறு, மாலை 6.30

அம்மாவிடம் ஒரு மணி நேரம் பேசினேன். முடிக்கு எதுவும் இல்லை. ஆனால் மற்ற இரண்டிலும் சிக்கிக்கொண்டோம்.

ஜூலையில் டெங்கு வந்து ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தாள். வீடு திரும்பிய பத்தாம் நாள், "எதற்கும் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்" என்று தம்பி கூட்டிப்போனதுதான் அந்த முழுப் பரிசோதனை.

மாத்திரைகள்: அம்மாவிடம் ஒரு எவர்சில்வர் டப்பா உண்டு. ஒருகாலத்தில் பெருங்காயம் வைத்திருந்தது. மூடியைத் திறந்தால் இன்றும் பெருங்காய வாசம் வரும். அன்றைய மாத்திரைகள் எல்லாம் அதில்தான். காலை ஐந்தரைக்கு டிகாக்ஷன் இறங்கியதும் முதல் காபி. அந்தக் காபியோடு டப்பாவில் இருப்பதை மொத்தமாக விழுங்கிவிடுவாள். அதில் முழங்கால் வலிக்கு எலும்பு மருத்துவர் கொடுத்த கால்சியமும் இருந்தது. ஆறு மாதக் கணக்கு. டிசம்பர் முதல் வாரத்தோடு தீர்ந்துவிட்டதாம். "வெறும் வயிற்றில் என்று சொன்னார்கள், காபி என்ன சோறா?" என்று என்னையே கேட்கிறாள்.

சோதனைக்குழாய் | ஞாயிறு, மாலை 6.50

அப்படியானால் டிசம்பரில் டப்பாவில் ஒரு மாத்திரை குறைந்திருக்கிறது. இரவுப்பணி ஐயா, நீங்களே சொல்லுங்கள்.

இரவுப்பணி | ஞாயிறு, இரவு 8.20

கிணற்றில் விழுந்த கதை இதுதான். லெவோதைராக்சினை வெறும் தண்ணீரோடு விழுங்கி, காபிக்கும் காலை உணவுக்கும் முன் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விட வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியம் அந்த மருந்தைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். காபியும் உறிஞ்சுவதைக் கெடுக்கும். அக்டோபர்வரை உங்கள் அம்மா விழுங்கியது 50. உடம்புக்குள் போனது அதில் ஒரு பகுதி. அதனால் எண் அசையவில்லை. மருத்துவர்கள் நாங்கள் எதையும் கேட்காமல் 75 ஆக்கினோம். டிசம்பரில் கால்சியம் நின்றதும் பிடித்துவைக்க ஆளில்லாமல் மருந்து உள்ளே போக ஆரம்பித்தது, அதுவும் ஏற்கெனவே தேவைப்படாத உடம்புக்குள். ஜனவரியில் 0.18.

அதிகாலைக் காபியை விட முடியாதவர்கள் மருத்துவரிடம் கேட்டு இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம். 2010-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில், படுக்கும் முன் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் ஹார்மோன் அளவு காலையில் சாப்பிட்டதைவிட நன்றாகவே இருந்தது. இரவு உணவு முடிந்து சில மணி நேரம் ஆகியிருக்க வேண்டும்.

டெங்குவைப் பற்றி: பெரிய நோயிலிருந்து தேறும்போது டி.எஸ்.எச். சில வாரங்களுக்கு ஏறி இறங்கும். 6.8 அந்த ஏற்றமாக இருக்கலாம். டிரஸ்ட் ஆய்விலேயே, மூன்று மாத இடைவெளியில் இரண்டு முறையாவது ஏறியிருந்தவர்களைத்தான் சேர்த்தார்கள். உங்கள் அம்மா அந்த வாசலைக்கூடத் தாண்டவில்லை.

கோவைக்காரி | ஞாயிறு, இரவு 8.45

ஆற்றோரம், மாத்திரை டப்பாவில் கால்சியம் இருப்பதை இத்தனை மாதம் யாரும் திறந்து பார்க்கவில்லையே! என் கதையில் ரத்தம் எடுக்க ஆளில்லை. உங்கள் கதையில் எடுத்தவர்கள் யாரும் கேள்வி கேட்கவில்லை.

ஸ்காபரோவிலிருந்து | திங்கள், காலை 4.10

என்ர அம்மாவுக்கு 82 வயது. டி.எஸ்.எச். 7 சொச்சத்தில் ஐந்து வருடமாக நிற்கிறது. இங்கே மருத்துவர் மருந்து தரவில்லை. "கவனிக்கிறார்கள் இல்லை" என்று நான் சண்டை பிடித்திருக்கிறேன். எண்பது வயதும் அதற்கு மேலும் ஆன 251 பேரைப் பற்றி 2019-இல் வந்த முடிவைக் காட்டி, இந்த வயதில் மருந்தால் பயன் தெரியவில்லை என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். இந்த இழையை வாசித்த பிறகுதான் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல இருக்கிறது.

முல்லைக்கொடி | திங்கள், பகல் 12.30

நான் ஐந்து வார கர்ப்பம். டி.எஸ்.எச். 4.6. எனக்கும் காத்திருக்கலாம் என்றுதானே அர்த்தம்?

இரவுப்பணி | திங்கள், பகல் 12.42

இல்லை அம்மா. கர்ப்பத்துக்குக் கணக்கே வேறு. இன்றே உங்கள் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். முதல் மாதங்களில் குழந்தைக்குச் சொந்தத் தைராய்டு இயங்குவதில்லை, தாயின் ஹார்மோனைத்தான் நம்பியிருக்கிறது. 2017-இல் வந்த அமெரிக்க ஆய்வில், லேசான குறைவுக்கு மருந்து கொடுத்தும் ஐந்து வயதில் குழந்தைகளின் அறிவுத்திறனில் வித்தியாசம் இல்லை என்றார்கள். ஆனால் அதில் மருந்து தொடங்கியதே சராசரியாகப் பதினேழாவது வாரம். பாதி வீடு கட்டிய பிறகு அஸ்திவாரத்தைச் சோதித்த மாதிரி. அதை வைத்து ஐந்தாவது வாரத்துக்கு முடிவெடுக்க நான் தயாரில்லை. எதிர்ப்புப் புரதமும் பார்த்து அவர்கள் முடிவு செய்வார்கள்.

ஆற்றோரம் | ஏப்ரல், ஞாயிறு, காலை 10.05

பழைய இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். முடிவைச் சொல்லாமல் போவது சரியில்லை.

பிப்ரவரி நடுவில் வேறொரு மருத்துவரிடம் போனோம். டெங்கு, கால்சியம், காபி எல்லாவற்றையும் தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை வாசித்தார். 25-ஐயும் நிறுத்திவிட்டு எட்டு வாரம் கழித்து வரச் சொன்னார். படபடப்பு மூன்றாவது வாரத்திலேயே அடங்கிவிட்டது. நேற்று முடிவு வந்தது: டி.எஸ்.எச். 5.1, டி4 சரி. இந்தச் சீட்டிலும் தடித்த எழுத்தும் அம்புக்குறியும் இருக்கின்றன. தம்பிதான், "அதை விடு, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்" என்றான்.

அசதி இருக்கிறதா என்று மருத்துவர் அம்மாவிடம் கேட்டார். "இருக்கிறது. மாத்திரை சாப்பிட்டபோதும் இருந்தது, அதற்கு முன்பும் இருந்தது" என்றாள். பிறகு அவள் பங்குக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: இனிமேல் காபியை ஐந்தரைக்கே குடிக்கலாமா?